கேளுங்கள், சொல்கிறேன்: துவக்கும் உரிமையும்

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மகனின் அயலவர், துவக்கு வைத்திருப்பது அரசியலமைப்பு தந்த உரிமை என்கிறாராம். உண்மையா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: உண்மைதான் அம்மா. அமெரிக்க அரசியலமைப்பில் 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் ஒரே ஒரு வாக்கியம். முன்பாதி ஒழுங்கான குடிப்படையை, அதாவது பொதுமக்களைக் கொண்ட படையைப் பற்றியது. பின்பாதி, ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையில் கைவைக்கக்கூடாது என்கிறது. முன்பாதி பின்பாதியைக் கட்டுப்படுத்துமா என்பதில்தான் சண்டை. 2008இல் ஹெல்லர் வழக்கில் அந்நாட்டு அதியுயர் நீதிமன்றத்தின் நீதியரசர்கள் 5–4 என்று பிரிந்து தீர்ப்பு வந்தது: குடிப்படையில் இல்லாதவரும் தற்காப்புக்காக வீட்டில் துவக்கு வைத்திருக்கலாம். ஆனால், அந்த உரிமை எல்லையற்றதல்ல என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஸ்காலியாவே சொன்னார். இதை அயலவருக்குக் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். 2024இல் ரஹிமி வழக்கு, 8–1. குடும்ப வன்முறைக்காகத் தடையுத்தரவுக்கு உள்ளானவரிடம் ஆயுதம் இருக்கக்கூடாது என்ற சட்டம் நிலைத்தது. அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் முப்பது வருடம் வழக்காடியபோது, அடிபட்ட முகத்தோடு வந்த எத்தனையோ பெண்களைப் பார்த்தவன் நான்.

நம் இலங்கையின் 1978 அரசியலமைப்பில் அப்படியொரு உரிமையே இல்லை. வன்னியில் பன்றி விரட்ட அப்பப்பா வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்குக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. அது சரி என்றே நினைக்கிறேன். என் கவலை வேறு. அமெரிக்காவில், நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லலாம். இங்கே 80(3)ஆம் உறுப்புரை அந்தக் கதவை அடைத்துவிட்டது; மசோதாவாக இருக்கும்போதே உயர் நீதிமன்றத்துக்கு ஓடவேண்டும்.