ஓர் இடத்தைப் பற்றிய மக்களின் உணர்வை இணைய வரைபடத்தில் பதிவு செய்ய முடியுமா?

ஓர் இடத்தை மக்கள் எவ்வாறு உணர்கிறார்கள் என்பதை, இணைய வரைபடத்தில் அவர்களையே குறிக்கச் சொல்லி அறிய முடியுமா, அப்படிக் கிடைக்கும் தரவை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய கணக்கெடுப்புகள் சிலவற்றை வடிவமைத்து, அவற்றின் தரவையும் பகுத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முடியும். ஆனால் அந்த உணர்வை வெளிப்படுத்த எந்தக் கருவியை நாம் அவர்கள் கையில் கொடுத்தோமோ, அதன் சாயல் தரவில் படிந்தே இருக்கும்.

இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த முயற்சி தொடங்கிவிட்டது. அமெரிக்க நகரத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய நகரங்களின் மக்களிடம் பேசியும் அவர்களை வரையச் சொல்லியும் பெற்ற முடிவுகளை 1960இல் வெளியிட்டார். பாதைகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளச் சின்னங்கள் என்னும் ஐந்து கூறுகளால் நகரம் மனத்தில் உருவாகிறது என்பது அவர் கண்டது. வெற்றுத்தாளில் வரைபவர் விட்டுவிடும் தெருவும், தேவைக்கு மேல் நீட்டிவிடும் தெருவும் அவர் மனத்தைக் காட்டிக்கொடுக்கும். இணைய வரைபடத்திலோ எல்லாத் தெருக்களும் முன்பே வரையப்பட்டிருப்பதால் அந்தத் திரிபுகளை நாம் இழந்துவிடுகிறோம். அதற்கு ஈடாக, ஆயிரம் பேரின் குறிப்புகளை ஒரே அளவையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் வசதி கிடைக்கிறது. எது உங்களுக்கு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மக்களே வரைபடத்தில் தகவல் சேர்க்கும் இத்தகைய முயற்சிகளுக்குப் 'பொதுமக்கள் பங்கேற்கும் புவியியல் தகவல் முறைமை' என்ற பெயர் 1996இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வாளர் கூட்டங்களில் உருவானது. பின்னர் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (இன்றைய ஆல்டோ பல்கலைக்கழகம்) 'சாஃப்ட்ஜிஐஎஸ்' என்ற முறை வளர்க்கப்பட்டது. பாதுகாப்பாக உணரும் இடம், ஒதுங்கிச் செல்லும் இடம் என அன்றாட அனுபவங்களை மக்களே வரைபடத்தில் குறிக்கவும், ஒவ்வொரு குறிக்கும் காரணம் எழுதவும் அதில் வழி செய்யப்பட்டிருந்தது.

எனக்குப் பெரிய பாடம் கற்பித்தது குறியின் வடிவம்தான். நான் ஈடுபட்ட ஒரு கணக்கெடுப்பில், அச்சம் தரும் இடங்களைப் புள்ளியாக மட்டுமே குறிக்க அனுமதித்திருந்தோம். குறிகள் மிகுதியாக விழுந்த இடங்களை அடர்நிறத்தில் காட்டும் அடர்த்தி வரைபடத்தைத் தரவிலிருந்து தயாரித்தபோது ஒரு சந்திப்பு அடர்சிவப்பாகத் தெரிந்தது. அதைப் பங்கேற்றவர்களிடம் காட்டியபோது, அந்தச் சந்திப்பில் எந்த அச்சமும் இல்லை என்றும், அங்கே வந்து முடியும் நீண்ட, வெளிச்சமில்லாத பாதைதான் தங்களை வருத்துகிறது என்றும் சொன்னார்கள். பாதை முழுவதையும் குறிக்க வழியில்லாததால், பெயர் எழுதப்பட்டிருந்த முனையில் புள்ளியை வைத்திருக்கிறார்கள். ஆகவே நடந்து பெறும் அனுபவத்தைக் குறிக்கக் கோடு வரையும் வசதியையும், வட்டார உணர்வைக் குறிக்கப் பரப்பு வரையும் வசதியையும் கொடுக்க வேண்டும். பரப்பிலும் ஒரு சிக்கல் உண்டு: பரப்பைக் குறிக்க வரையும் பலகோணத்தின் விளிம்பு கூர்மையானது, 'நகரின் மையம்' எங்கே முடிகிறது என்ற மன உணர்வோ அப்படிப்பட்டதன்று. அதனால்தான் வண்ணம் தெளிப்பதுபோல, வலுவான இடத்தில் அடர்த்தியாகவும் ஐயமுள்ள இடத்தில் மெலிதாகவும் பூசும் கருவிகளை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். சாதாரணப் பலகோணத்தைவிட அது நேர்மையானது என்பது என் கருத்து.

அடுத்து, திரையில் முதலில் தோன்றும் பரப்பும் அளவும் கவனத்துக்குரியவை. தொலைவிலிருந்து காட்டினால் குறிகள் தோராயமாக விழும். ஒவ்வொரு குறியும் எந்த உருப்பெருக்கத்தில் வைக்கப்பட்டது என்பதையும் சேமித்துவைத்தால், அதன் துல்லியத்தைப் பின்னர் மதிப்பிடலாம். நேரத்தையும் கேளுங்கள், பகலில் விரும்பப்படும் பூங்காவே இரவில் தவிர்க்கப்படும் இடமாக இருக்கக்கூடும்.

குறியே விழாத பகுதியைப் பற்றி மிகுந்த எச்சரிக்கை தேவை. அங்கே மக்களுக்குக் கருத்தே இல்லை என்று திட்ட அறிக்கைகளில் எளிதாக எழுதிவிடுகிறார்கள். அது பெரும் அநீதி. அங்கு வாழ்பவர்களுக்கு அழைப்பு சென்று சேராமல் இருந்திருக்கலாம், இணைய வசதியோ வரைபடம் வாசிக்கும் பழக்கமோ இல்லாமல் இருந்திருக்கலாம். பங்கேற்றவர்களின் வயது, பாலினம், வசிக்கும் பகுதி ஆகியவற்றை மக்கள்தொகைக் கணக்குடன் ஒப்பிட்டுப் பார்த்து, விடுபட்டவர்களிடம் நேரில் சென்று அமர்ந்து, அச்சிட்ட வரைபடத்தில் குறிக்கச் செய்து அதையும் தரவில் சேர்க்க வேண்டும். வீட்டு இருப்பிடம் ஒருவரை அடையாளம் காட்டிவிடும் என்பதால், வெளியிடும்போது அதைப் பெரிய கட்டங்களாகத் திரட்டியே காட்டுங்கள்.

கணக்கெடுப்பைத் திறப்பதற்கு முன் பத்துப் பேரின் அருகில் அமர்ந்து, அவர்கள் குறிப்பதை இடைமறிக்காமல் பாருங்கள். எந்தக் கேள்வியில் விரல் தயங்கி நிற்கிறதோ, அந்தக் கேள்வியை மாற்றி எழுதிய பிறகே மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.