ஜிமிக்கியைக் கிட்டத்தில் படமெடுத்தால் ஃபிளாஷ் வெள்ளையாக அடிக்கிறதே, என்ன செய்வது?

மதுரை தெற்காவணி மூல வீதியில் வாங்கிய ஜிமிக்கியைப் படமெடுத்தால் குடையில் வெள்ளைப் பொட்டுதான் தெரிகிறது என்கிறீர்கள். அந்தப் பொட்டு ஃபிளாஷின் பிம்பமேதான். மெருகேற்றிய தங்கம் கண்ணாடி மாதிரி, எதிரே இருப்பதை அப்படியே காட்டும். ஃபிளாஷ் சின்னது, அதனால் வெளிச்சம் ஒரே புள்ளியில் குவிகிறது. பவரைக் குறைத்தால் படம் மொத்தமும் இருட்டாகுமே தவிர, பொட்டு போகாது.

வெளிச்சம் வரும் பரப்பைப் பெரிதாக்குங்கள். தனி ஃபிளாஷ் இருந்தால் அதற்கும் நகைக்கும் நடுவே டிரேசிங் பேப்பரோ, ஒற்றை மடிப்பில் வெள்ளை வேட்டியோ கட்டுங்கள். துணி நகைக்குக் கிட்டே இருக்கட்டும். ஃபிளாஷ் சற்றுத் தள்ளி, துணி முழுக்க ஒளிரும்படி. எதிர்ப்பக்கம், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க ஒரு தெர்மாகோல் துண்டு.

போன் என்றால் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போங்கள். நம்மூர் வெயில் நேராக விழுந்தால் அதுவும் அதே பொட்டைத்தான் தரும், ஜன்னலுக்கும் வேட்டி வேண்டும்.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் எனக்கு மனசு கேட்பதில்லை. சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் தங்கம் சப்பென்று ஆகிவிடும். கறுப்பு சார்ட்டில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, படத்தில் விழாதபடி பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குடையின் விளிம்பில் மெல்லிய கருங்கோடு ஓடும். கீழே தொங்கும் மணிகள் ஒவ்வொன்றும் உருண்டையாக எழுந்து நிற்கும். பட்டையை மெதுவாக நகர்த்தினால் கோடும் கூடவே நகரும்.

லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டரை இதற்கென்று வாங்க வேண்டாம். கல், கண்ணாடி மேலுள்ள பளபளப்பை அது குறைக்கும். வெறும் தங்கத்தில் பெரிதாகப் பலிக்காது.