காலனிய அமெரிக்காவில் நில வழக்கும் ஊர் அரசியலும்: கேள்வி பதில்

கேள்வி: வர்ஜீனியாவில் பக்கத்து நிலக்காரர் எல்லையைத் தள்ளிப்போட்டால் எங்கே முறையிடுவார்கள்?

பதில்: முதலில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1662 சட்டப்படி நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லை சுற்றி வருவார்கள். வெஸ்ட்ரி எனப்படும் திருச்சபைக் குழு ஆள் நியமிக்கும். அக்கம்பக்கத்து நிலக்காரர்களும் கூடவே நடந்து, எல்லை மரங்களில் கோடாலி வெட்டைப் புதுப்பிப்பார்கள். தகராறில்லாமல் மூன்று சுற்று முடிந்தால் அந்த எல்லை நிலைத்துவிடும் என்று பிறகு சட்டம் வந்தது. அதனால் சுற்று நாளில் ஊரில் இல்லாதவருக்கும், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டவருக்கும்தான் நஷ்டம். ஆட்சேபம் இருந்தால் அங்கேயே சொல்லிப் பதிய வைக்க வேண்டும்.

கேள்வி: பத்திரத்தில் 400 ஏக்கர், அளந்தால் கூடுதல். எப்படி?

பதில்: நிலம் அளக்கும் கன்டர் சங்கிலி 66 அடி, 100 கண்ணி. நம் ஊர் பழைய நில அளவைப் படங்களில் வரும் லிங்க்ஸ் கணக்கும் இதுவே. பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். தேய்ந்து நீண்ட சங்கிலியால் அளந்தால் கணக்கு குறைவாக விழும், நிலம் கூடுதலாக இருக்கும். சரிவில் சங்கிலியை மட்டமாகப் பிடிக்காமல் தரையோடு போட்டால் நேர்மாறு.

பெரிய வினை திசைகாட்டிதான். காந்த வடக்கு ஆண்டுக்கு ஆண்டு நகரும். பழைய பத்திரத்தின் கோணத்தைத் திருத்தாமல் அப்படியே வைத்து நடந்தால், ஒரு டிகிரி பிசகுக்கு ஒரு மைலில் சுமார் 92 அடி விலகும். ஆகவே ஓடையும் குறியிட்ட மரமும்தான் முதல் சாட்சி. கோணமும் தூரமும் அடுத்து. ஏக்கர் கணக்கு கடைசி. எல்லை மரத்தை இரவோடு இரவாக வெட்டுவது ஏன் அவ்வளவு பெரிய குற்றம் என்பது இதிலிருந்தே புரியும்.

கேள்வி: தீர்ப்புச் சொன்னவர்கள் யார்?

பதில்: கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிபதிகள். அவர்களும் பெரிய நிலக்காரர்களே. ஆளுநர்தான் நியமிப்பார், ஆனால் பெயர் கொடுப்பது அதே நீதிபதிகள். மகனும் மருமகனும் வரிசையாக வந்து உட்காருவார்கள். கவுண்டியின் நிர்வாக அதிகாரியான ஷெரீஃபும் பெரும்பாலும் அவர்களில் ஒருவர். ஜூரியை அழைப்பதும் தேர்தலை நடத்துவதும் அவர் கையில். வாக்கு வாய்மொழியாக, வேட்பாளர் முன்னாலேயே சொல்ல வேண்டும். நீதிபதியே வேட்பாளராக நின்றால், எல்லை வழக்கு நிலுவையில் உள்ள சிறு விவசாயி நீதிபதியின் முகத்தைப் பார்த்து எதிர் வாக்குச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1736 சட்டப்படி வாக்குரிமைக்குக் காலி நிலம் 100 ஏக்கர், அல்லது வீட்டோடு பயிரிட்ட நிலம் 25 ஏக்கர் வேண்டும்.

கேள்வி: வர்ஜீனியாவில் அரசிடம் நிலம் வாங்கிச் சும்மா போட்டால்?

பதில்: ஆபத்து. மூன்று ஆண்டுக்குள் குடியேறிப் பயிரிடாவிட்டால் வேறொருவர் மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். தீர்வை 50 ஏக்கருக்கு ஒரு ஷில்லிங். அதைப் பாக்கி வைத்தாலும் இதே கதி.

கேள்வி: நியூ ஜெர்சியில் கலவரம் வரை போனது ஏன்?

பதில்: ஒரே நிலத்துக்கு இரண்டு உரிமை. 1664-இல் ஆளுநர் நிக்கல்ஸ், பூர்வகுடிகளிடம் நிலம் வாங்க எலிசபெத்டவுன் மக்களுக்கு அனுமதி கொடுத்தார். அதற்கு முன்பே அரசரின் தம்பி யார்க் கோமகன் இங்கிலாந்தில் அந்தப் பகுதி முழுவதையும் பெர்க்லி, கார்ட்டரெட் என்ற இரு பிரமுகர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். செய்தி கடல் தாண்டி வரவில்லை. 1745-இல் அந்த இருவரின் வழிவந்த உரிமையாளர்கள் எலிசபெத்டவுன் மக்கள் மீது சான்சரி என்ற தனி கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். அங்கே நீதிபதி ஆளுநர் லூயிஸ் மாரிஸ்; அவரே அந்த உரிமையாளர்களில் ஒருவர். ஜூரியும் கிடையாது. அதே ஆண்டு மரம் வெட்டியதாகக் கைதான ஒருவரை விடுவிக்கக் கூட்டம் நியூவார்க் சிறையை உடைத்தது. மாரிஸ் 1746-இல் இறந்தார். வழக்கு தீர்ப்பே காணவில்லை.