பச்சைத் தோலும் பரங்கியரும்: சிலுவைப் போர் கேள்வி–பதில்

எருசலேமுக்காக ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் முஸ்லிம்களோடு நடத்திய சிலுவைப் போர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தோம். 1095 நவம்பரில் பிரான்சின் கிளேர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் அழைப்பு விடுத்ததில் தொடங்கி, 1291 மே மாதம் அக்கோ துறைமுகக் கோட்டை எகிப்தை ஆண்ட மம்லூக்குகளிடம் விழுந்தது வரையிலான கதை அது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்தவை. கேள்விகள் நன்றாக இருந்ததால் இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: நான் தோல் ஷாப்பில் வேலை செய்கிறேன். கோட்டைச் சுவரில் ஏறுவதற்கான மரக் கோபுரத்துக்குத் தோல் போர்த்தினார்கள் என்று போட்டிருந்தீர்கள். பதனிட்ட தோலா, பச்சைத் தோலா? — ஆம்பூர் வாசகர்

பச்சைத் தோல்தான். உங்களுக்குத் தெரியாததல்ல: அப்போதுதான் உரித்த தோலின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். அதில் நெருப்பு விழுந்தால் முதலில் அந்தத் தண்ணீர் காய்ந்தாக வேண்டும். பதனிட்டு எண்ணெய் ஏற்றிய தோல் உலர்ந்த பொருள், அதைப் போர்த்தினால் நெருப்புக்குத் தீனி. கல்லுப்புக் கட்டிய தோலும் அவ்வளவாக உதவாது, உப்பு முதலில் இழுப்பதே தண்ணீரைத்தான். அதனால் மாடு, குதிரை, ஒட்டகம் என்று எது கிடைத்தாலும் உரித்த ஈரத்தோடு போர்த்தினார்கள். எரிநெய்க்கு எதிராகத் தோலைப் புளிக்காடியில் ஊறவைக்கும் வழக்கமும் இருந்தது.

தோலை இறுக்கி ஆணி அடிக்கக் கூடாது. காயும்போது சுருங்கி ஆணியடியில் கிழியும், அந்த இடுக்கில் மரம் வெளியே தெரியும். தளரவிட்டு, ஓடு வேய்வதுபோல மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் படியும்படி அடித்தால்தான் ஊற்றிய எண்ணெய் உள்ளே போகாமல் வழியும். கோடையில் அடிக்கடி நனைக்கவும் வேண்டும். 1099 ஜூன், ஜூலையில் எருசலேமை முற்றுகையிட்டவர்களுக்கு அங்கேதான் இடித்தது. நகரைச் சுற்றியிருந்த கிணறுகளைக் காவல் படையினர் முன்பே கெடுத்துவிட்டார்கள். குடிக்கவே சீலோவாம் குளத்தருகே அடிதடி, தோலை நனைக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? மரமும் இல்லை. யோப்பா துறைக்கு வந்த ஜெனோவாக்காரர்களின் கப்பல்களைப் பிரித்த பிறகுதான் பலகையும் ஆணியும் கயிறும் தச்சர்களும் கிடைத்தார்கள்.

பச்சைத் தோலும் தோற்ற ஒரு நாள் உண்டு. 1190 மே, அக்கோ. முற்றுகையிட்ட சிலுவைப் படையினர் தோல் போர்த்திய 3 பெரிய கோபுரங்களைச் சுவரருகே கொண்டுவந்துவிட்டார்கள். கோட்டைக்குள் டமாஸ்கஸ் நகரத்துக் கன்னார் மகன் ஒருவன் இருந்தான், நாப்தா என்ற எரியெண்ணெய்க் கலவையில் கைதேர்ந்தவன். அவன் முதலில் வீசிய பானைகளில் நெருப்பே இல்லை. கோபுரத்தில் நின்றவர்கள் கேலி செய்து கூத்தாடினார்கள். தோலின் மேலும் இடுக்கிலும் கலவை நன்றாக ஊறிய பிறகுதான் பற்றவைத்த பானை வந்தது. மூன்றும் எரிந்து போயின. தோல் தடுப்பது மேலே விழும் நெருப்பை. உள்ளே கசிந்துவிட்ட எண்ணெயை அது என்ன செய்யும்? சுல்தான் ஸலாஹுத்தீன் கொடுத்த பரிசை அந்த இளைஞன் வாங்க மறுத்துவிட்டான் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் குறித்திருக்கிறார்கள்.

கேள்வி: சுல்தான் ஸலாஹுத்தீன் அரபியர்தானே? — வாணியம்பாடி வாசகர்

இல்லை, குர்து இனத்தவர். இன்றைய இராக்கில் உள்ள திக்ரித்தில் பிறந்து 1193 மார்ச்சில் டமாஸ்கஸில் இறந்தார். அவர் படையில் துருக்கியர், குர்துகள், அரபியர் எல்லோரும் இருந்தார்கள். எதிர்ப்பக்கத்தை அரபியர் ‘சிலுவைப் போராளிகள்’ என்று அழைக்கவும் இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி எங்கிருந்து வந்தாலும் ‘ஃபிரஞ்ச்’, அதாவது ஃபிராங்குகள் என்ற ஒரே பெயர்தான். அந்தச் சொல் பாரசீகத்தில் ‘ஃபரங்கி’ ஆகி, கடல் தாண்டி வந்து நம் ஊரில் ‘பரங்கி’ ஆயிற்று. பரங்கிமலையும் பரங்கிப்பேட்டையும் அதன் வாரிசுகள்.

கேள்வி: 1187இல் ஹத்தீன் போரில் எருசலேம் அரசின் முழுப் படையும் ஒரே நாளில் அழிந்தது எப்படி? ஏதாவது துரோகமா? — ஆற்காடு வாசகர்

துரோகம் என்று அன்றே பேசினார்கள். தேவையே இல்லை, தண்ணீர்க் கணக்கு போதும்.

அரசர் கீயின் படை சஃப்பூரியா ஊற்றருகே முகாமிட்டிருந்தது. கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் திபேரியா நகரை ஸலாஹுத்தீன் வளைத்திருந்தார். வேலூரிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் தூரம்தான். திபேரியாக் கோட்டைக்குள் சிக்கியிருந்தவர் திரிப்போலிப் பிரபு ரேமண்டின் மனைவி. அந்த ரேமண்டே ‘போக வேண்டாம், வழியில் தண்ணீர் இல்லை’ என்று தடுத்தார். அரசரும் ஒப்புக்கொண்டார். இரவில் டெம்ப்ளர் என்ற போர்த்துறவிகள் சபையின் தலைவர் வந்து மனத்தை மாற்ற, ஜூலை 3 விடியலில் படை கிளம்பிவிட்டது.

குதிரை வீரர்கள் சுமார் 1,200, மொத்தம் ஏறக்குறைய 20,000 பேர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. ஜூலை வெயிலில் இரும்பு வலைச் சட்டையோடு நடப்பவனுக்கு நாளுக்கு 4 லிட்டர் என்று குறைத்தே வையுங்கள்: 80,000 லிட்டர். குதிரைக்கு 30 லிட்டர். எல்லா வகைக் குதிரைகளும் சேர்த்து 4,000 என்று கொண்டால் 1,20,000 லிட்டர். மொத்தம் 2 லட்சம். கோடையில் நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 17 நடை, அதுவும் ஒரு நாளைக்கு. தோல் பையில் சுமந்து தீராது, ஊற்றிலிருந்து ஊற்றுக்குத்தான் போக முடியும்.

வழியில் தூரான் என்ற இடத்தில் ஒரு ஊற்று உண்டு. படை அதைத் தாண்டியதும் ஸலாஹுத்தீனின் ஆட்கள் பின்னால் புகுந்து அதைப் பிடித்துக்கொண்டார்கள். இனி முன்னே திபேரியா ஏரி, பின்னே ஊற்று, இரண்டிலும் எதிரி. வில்லாளிகளின் தொல்லையால் நடை தளர்ந்து அன்றிரவு வறண்ட மேட்டில் தங்கினார்கள். மறுநாள் காலை ஸலாஹுத்தீனின் ஆட்கள் காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைத்தார்கள், காற்று புகையை இவர்கள் முகத்துக்கே தள்ளியது. அம்பு தீர்ந்துவிடாமல் இருக்க 70 ஒட்டகச் சுமை தனியாகத் தயாராக நின்றது. காலாட்படை வரிசையை விட்டுக் குன்றின் மேல் ஏறிவிட்டது, காலாள் காவல் இல்லாத குதிரைகள் அம்புக்கு விழுந்தன. பிடிபட்ட அரசருக்கு ஸலாஹுத்தீன் கொடுத்தது பனியிட்டுக் குளிர்ந்த பானம். தான் நீர் கொடுத்த கைதியைக் கொல்லக் கூடாது என்பது அங்குள்ள மரபு. அரசர் அந்தக் கிண்ணத்தைப் பக்கத்திலிருந்த ரெனால்டுக்கு (சமாதானத்தை மீறி வணிகக் கூட்டத்தைக் கொள்ளையடித்த பிரபு) நீட்டியதும், ‘அவனுக்குக் கொடுத்தது நான் இல்லை’ என்று சொல்லிவிட்டு ரெனால்டை வெட்டினார்.

இந்தப் பாடத்தைப் படித்தவர் இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட். 1191இல் அக்கோவிலிருந்து யோப்பாவுக்குக் கடலோரமாகவே நடந்தார், சாப்பாடும் சாமானும் கப்பலில் கூடவே வந்தன. பகலின் கடும் வெயிலுக்கு முன் நடையை முடித்துக்கொண்டார். பிறகு இரண்டு முறை எருசலேமுக்கு 20 கிலோமீட்டர் வரை நெருங்கிவிட்டுத் திரும்பினார். கோழைத்தனம் என்று ஏசியவர்கள் உண்டு. கோட்டையைச் சுற்றி ஒரு கிணறுகூட மிச்சமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

கேள்வி: இத்தனைக்கும் பணம் யார் போட்டது? கடன் வாங்கிப் போருக்குப் போனவர்கள் உண்டா? — குடியாத்தம் வாசகர்

நிலத்தை அடகு வைத்துப் போனவர்கள் ஏராளம். கடனால் ஒரு போரே திசைமாறியது நான்காம் சிலுவைப் போரில். 1201இல் வெனிஸ் நகரத்தோடு போட்ட ஒப்பந்தம் இது: 4,500 குதிரை வீரர், 9,000 உதவியாளர், 20,000 காலாள், 4,500 குதிரைகள். ஆளுக்கு 2 மார்க் வெள்ளி, குதிரைக்கு 4 மார்க். 33,500 பேருக்கு 67,000, குதிரைகளுக்கு 18,000, ஆக மொத்தம் 85,000 மார்க். இன்றைய எடையில் ஏறத்தாழ 20 டன் வெள்ளி.

கப்பல் கட்டி முடிந்தது, ஆள் வரவில்லை. மூன்றில் ஒரு பங்கு பேர்தான் வெனிஸுக்கு வந்தார்கள், மற்றவர்களில் பலர் வேறு துறைகளிலிருந்து தங்கள் வசதிக்குக் கிளம்பிவிட்டார்கள். கல்யாணத்துக்கு 1,000 இலை சொல்லிவிட்டு 330 பேர் வந்தால் சமையல்காரர் எத்தனை இலைக்குக் காசு கேட்பார்? வெனிஸும் அதையே கேட்டது. பொன், வெள்ளிப் பாத்திரங்களைக் கொடுத்தும் 34,000 மார்க் குறைந்தது. தவணை தருகிறோம், பதிலுக்கு ஜாரா நகரைப் பிடித்துக் கொடுங்கள் என்றார்கள். ஜாரா கிறிஸ்தவ நகரம். அதையும் பிடித்தார்கள், 1204 ஏப்ரலில் கான்ஸ்டாண்டிநோபிளையும் சூறையாடினார்கள். அதுவும் கிறிஸ்தவ நகரமே.

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்குக் கல் எறியும் பொறி மாதிரி செய்ய வேண்டும். அளவு தர முடியுமா? — காட்பாடி மாணவர்

எடை தொங்கும் வகையைச் செய்யுங்கள். கை 50 செ.மீ. மரச் சட்டம், அச்சு ஒரு முனையிலிருந்து 10 செ.மீ. தள்ளி. அச்சின் உயரம் அடித்தட்டிலிருந்து 30 செ.மீ. குட்டை முனையில் 2 கிலோ எடை (மணல் நிரப்பிய டப்பா போதும்), ஆடும்படி தொங்கவிட வேண்டும். நீண்ட முனையில் 35 செ.மீ. கவண் கயிறு: ஒரு நுனி கட்டப்பட்டிருக்கும், மறு நுனி வளையமாக ஆணியில் சும்மா மாட்டியிருக்கும். எறிவது 20 கிராம் களிமண் உருண்டை, அதாவது எடையில் நூறில் ஒன்று.

எல்லோருக்கும் தகராறு கொடுப்பது அந்த ஆணிதான். உருண்டை மேலே, பின்னே பறந்தால் வளையம் சீக்கிரம் கழல்கிறது. ஆணியைக் கொஞ்சம் வளையுங்கள். காலடியில் குத்தினால் தாமதமாகக் கழல்கிறது, நிமிர்த்துங்கள். பக்கவாட்டில் போனால் கால்கள் ஆடுகின்றன, குறுக்குச் சட்டம் அடியுங்கள். பொறி இயங்கும்போது முன்னேயும் பின்னேயும் யாரும் நிற்கக் கூடாது.

உண்மைப் பொறி எவ்வளவு பெரியது என்று ஆசிரியர் கேட்டால் சொல்லுங்கள்: 1291இல் அக்கோவைத் தாக்க ‘அல்-மன்சூரி’ என்ற பொறியைப் பிரித்து 100 வண்டிகளில் ஏற்றினார்கள். குதிரையில் 8 நாள் வழி, மழையிலும் பனியிலும் மாடுகள் செத்து ஒரு மாதம் ஆயிற்று.

கேள்வி: மதத்துக்கு மதம் சண்டை, அவ்வளவுதானே? — ஆரணி வாசகர்

மதம் இல்லாமல் இல்லை. 1099இல் எருசலேமுக்குள் நுழைந்தவர்கள் முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தார்கள். 1187இல் ஸலாஹுத்தீன் அதே நகரைப் பிடித்தபோது ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 தினார் என்று மீட்புத் தொகை வைத்து வெளியேவிட்டார், கட்ட முடியாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளானார்கள். 1191இல் ரிச்சர்ட் அக்கோவில் சுமார் 2,700 கைதிகளை வெட்டினார். 1268இல் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் அந்தியோகியாவில் செய்ததும் சளைத்ததல்ல. ஆனால் 1140இல் டமாஸ்கஸின் முஸ்லிம் ஆட்சியும் எருசலேமின் கிறிஸ்தவ அரசும் சேர்ந்து நின்று, ஸெங்கி என்ற முஸ்லிம் தளபதிக்கு எதிராகப் பனியாஸ் கோட்டையைப் பிடித்தன. 1229இல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக்குக்கு சுல்தான் அல்-காமில் எருசலேமை ஒப்பந்தத்திலேயே கொடுத்துவிட்டார். இருவரையும் அவரவர் பக்கத்து மக்களே திட்டித் தீர்த்தார்கள்.

கேள்வி: நம் வேலூர்க் கோட்டை அந்தக் காலத்தில் அங்கே இருந்திருந்தால் தாக்குப் பிடித்திருக்குமா? — வேலூர், சைதாப்பேட்டை வாசகர்

நம் கோட்டை 16ஆம் நூற்றாண்டு, பீரங்கிக் காலத்தது. ஒப்பிடுவது நியாயமில்லைதான், ஆனால் ஆசையான கேள்வி.

அன்று கோட்டைகளை அதிகம் வீழ்த்தியது எறிகல் அல்ல, சுரங்கம். சுவருக்கு அடியில் தோண்டிக்கொண்டே மேற்கூரைக்கு மர முட்டுக் கொடுப்பார்கள். அடித்தளத்துக்குக் கீழே போதுமான அகலம் வந்ததும் சுள்ளியும் எரிபொருளும் நிரப்பிப் பற்றவைத்து வெளியே வந்துவிடுவார்கள். முட்டு எரிந்ததும் சுவர் தன் எடையாலேயே இறங்கும். 1179 ஆகஸ்டில் யோர்தான் ஆற்றின் யாக்கோபு துறைக் கோட்டையில் ஸலாஹுத்தீனின் ஆட்கள் இதைத்தான் செய்தார்கள். நெருப்பு எரிந்தது, சுவர் நின்றது. சுவரின் தடிப்புக்குச் சுரங்கம் போதவில்லை. மீண்டும் தோண்ட வேண்டும், உள்ளே கனல். தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறவர்களுக்கு ஒரு தோல் பைக்கு ஒரு தினார் என்று அறிவித்து நெருப்பை அணைத்தார், சுரங்கத்தை நீட்டினார், மறுபடி பற்றவைத்தார். சுவர் சரிந்தது. கோட்டை கட்டி முடியுமுன்பே, இடித்துவிட்டால் 1,00,000 தினார் தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். உள்ளே இருந்தவர்கள் வாங்கியிருக்கலாம்.

நம் கோட்டையில் இது நடக்காது. அகழியில் தண்ணீர் நிற்கும்வரை அதற்குக் கீழே தோண்டுகிற சுரங்கம் ஊற்றெடுத்து நிரம்பும். எனவே முதலில் அகழியைத் தூர்க்க வேண்டும். எருசலேமில் அதற்கும் கூலி நிர்ணயித்தார்கள்: பள்ளத்தில் 3 கல் போட்டால் ஒரு காசு. 3 பகல் 3 இரவில் தூர்ந்தது. அது காய்ந்த பள்ளம். நம் அகழியின் அகலத்துக்கு, அதுவும் தண்ணீரில், மதில்மேல் வில்லாளிகள் நிற்கும்போது, அந்தக் கூலிக்கு ஆள் கிடைத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

மிச்சம் ஒரே வழி, பட்டினி. 1677இல் சிவாஜியின் படை வளைத்தபோது நம் கோட்டை ஓராண்டுக்கு மேல் நின்றுதான் விழுந்தது. சிலுவைப் போர்க் காலத்துப் படைகளில் அத்தனை மாதம் ஒரே இடத்தில் நின்றவை மிகக் குறைவு. அறுவடைக்கு ஊர் திரும்பும் ஆட்களை யாராலும் பிடித்து நிறுத்த முடிந்ததில்லை.