நிலத்துக்கு ஈடாகக் கோடிக்கணக்கில் பணம் தயாராக இருந்தும் அமெரிக்காவின் சூ பழங்குடியினர் ஏன் வாங்க மறுக்கிறார்கள்?

"வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பிறந்ததே அடுக்குமாடியில் என்று நினைக்கிறேன். தப்பில்லை, என் மகனும் இதையேதான் கேட்டான்.

1970களின் நடுவில் நாங்கள் சிங்கப்பூரில் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தோம். அப்பாவிடம் 6 மாடுகள். விடிவதற்குள் சைக்கிளில் போய்ப் பால் ஊற்றிவிட்டு வருவார். நிலம் அரசாங்கத்துக்கு வேண்டும் என்று ஒருவர் பென்சிலும் தாளுமாக வந்தார். கொட்டகை 1, பலா 1, தென்னை 4 என்று எழுதிக்கொண்டார். மாடு? அது கணக்கில் வராதாம், ஓட்டிக்கொண்டு போகலாமாம். எங்கே, 9ஆம் மாடிக்கா? அப்பா விடாமல் கேட்டதும், "நந்தி காமி சாரி" என்றார். அப்புறம் இடம் பார்த்துத் தருகிறோம் என்று மலாயில் அர்த்தம். அப்பா பத்துத் தடவையாவது போய்க் கேட்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் நந்திதான். கடைசியில் 6 மாடும் வந்த விலைக்குப் போயின.

இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் பழங்குடி இல்லை. தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். அந்த நிலமும் வாடகை நிலம்தான். நல்ல வீடு கிடைத்தது, குழாய்த் தண்ணீர் வந்தது, அம்மா ஒரு நாளும் கம்பத்தை நினைத்து அழவில்லை. நன்றி கெட்டவன் என்று எழுத வருகிறவர்கள் இதையும் படித்துவிட்டு வரவும். இங்கே நமக்கு முன்பே, வடக்குக் கரையில் படகே வீடாக வாழ்ந்தவர்கள் சிலேத்தார் மக்கள். அவர்கள் வழிவந்தவர்களில் பெரும்பாலோர் இன்று மலேசியாவின் ஜொகூரில். அவர்கள் பேசினால் அது வேறு கதை.

அப்பாவுக்குக் கிடைத்தது வாய்வார்த்தை. சூ மக்களுக்கு அமெரிக்க அரசாங்கத்தார் 1868 ஒப்பந்தத்தில் எழுதியே கொடுத்தார்கள், பிளாக் ஹில்ஸ் மலை உங்களுக்கே என்று. வயது வந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்திட்டால்தான் நிலம் கைமாறும் என்றும் அதில் இருந்தது. 1874இல் தங்கம் தென்பட்டது. முக்கால்வாசியாவது ஒன்றாவது, 1877இல் எடுத்துக்கொண்டார்கள். 1980இல் உச்ச நீதிமன்றம் 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அது வட்டியோடு 100 கோடியைத் தாண்டி அப்படியே கிடக்கிறது. தொட்டால் விற்றதாகிவிடும் என்கிறார்கள் சூ மக்கள். விற்கவே இல்லையே!

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இப்போது பசும்பால் என்று டப்பாவில் விற்கிறார்களே, காய்ச்சினால் ஆடையே கட்டுவதில்லை. டீ போட்டால் கழுநீர் மாதிரி இருக்கிறது. வீட்டில் சொன்னால், உங்களுக்கு எதுதான் பிடிக்கும் என்கிறார்கள்.