சூரியகாந்தி எண்ணெயை நிறுத்தினால் முடக்கு வாத வீக்கம் குறையுமா?

சூரியகாந்தி மாதிரி ஒமேகா-6 கொழுப்பு உள்ள எண்ணெய்தான் உடம்பில் அழற்சியைக் கிளப்புகிறது, அதை விட்டுவிட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினால் முடக்கு வாதத்துக்கு மாத்திரையே வேண்டாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், அம்மாவுக்கு அப்படிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

என் அம்மாவுக்கும் இதே நோய்தான், 11 வருடமாக. நான் உயிர்வேதியியல் படித்தவள். அப்படியிருந்தும் எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா எண்ணெயை மாற்றி, தினமும் ஆளி விதைப் பொடி சாப்பிட ஆரம்பித்தார். வாரம் ஒருமுறை போட வேண்டிய முடக்கு வாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை என்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டார். இரண்டு மாதத்தில் விரல்கள் வீங்கி, புடவைக் கொசுவம் பிடிக்கக்கூட முடியவில்லை. மறுபடி மருந்து தொடங்கியதும் வீக்கம் அடங்கியது. ஆனால் அப்போது பாதிக்கப்பட்ட வலது மணிக்கட்டு இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை.

அந்த வீடியோ முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் எல்லோரும் நம்புகிறார்கள். நாம் சாப்பிடும் கொழுப்பு எரிந்து போவதோடு சரி என்று நினைக்கிறோம். அதில் ஒரு பங்கு செல்களின் சவ்விலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. நம் வெள்ளை அணுக்களின் சவ்வில் உள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அராக்கிடோனிக் அமிலம். இது ஒமேகா-6 வகை. மீனில் கிடைக்கும் ஒமேகா-3 ஆன இபிஏ அங்கே சுமார் 1 சதவீதம்தான் இருக்கும். அணு தூண்டப்பட்டதும் ஒரு நொதி அராக்கிடோனிக் அமிலத்தை எடுத்து புரோஸ்டாகிளாண்டின் செய்கிறது. வீக்கமும் வலியும் சூடும் வருவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இந்த இடத்தில்தான் தடை போடுகின்றன. ஜான் வேன் 1971-இல் இதைக் கண்டுபிடித்தார், 1982-இல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டார்.

மீன் நிறையச் சாப்பிடுபவர்களின் சவ்வில் அராக்கிடோனிக் இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இபிஏ வந்து சேரும். அதே நொதி இதிலிருந்தும் புரோஸ்டாகிளாண்டின் செய்யும், ஆனால் வீரியம் குறைந்தது. எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அழற்சி விறகு தீர்ந்த அடுப்பு மாதிரி தானாக அணைவதில்லை, அதை அடக்கவும் உடம்பு தனியாகச் சில பொருட்களைச் செய்கிறது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாஸ்டனில் சார்லஸ் செர்ஹானின் குழு அவற்றில் சிலவற்றைக் கண்டறிந்து ரிசால்வின் என்று பெயர் வைத்தது. அவை உருவாவது இபிஏ, மீனில் உள்ள இன்னொரு ஒமேகா-3 ஆன டிஹெச்ஏ இரண்டிலிருந்தும்தான்.

வீடியோ வழுக்கி விழும் இடம் எண்ணெய். சூரியகாந்தி எண்ணெயில் இருப்பது லினோலெயிக் அமிலம். அது உடம்பில் அராக்கிடோனிக் ஆக மாறக்கூடியது என்பது சரி, ஆனால் அந்த மாற்றத்தை உடம்பு கட்டுக்குள் வைத்திருக்கிறது. லினோலெயிக்கைக் கூட்டிக் கொடுத்துச் செய்த சோதனைகளில், ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் சிஆர்பி போன்ற அழற்சி அளவுகள் கூடவில்லை. தேங்காய் எண்ணெயில் 90 சதவீதத்தை ஒட்டி நிறைவுற்ற கொழுப்பு, ஒமேகா-3 இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஆக எண்ணெய் டப்பாவை மாற்றியதால் வெள்ளை அணுவுக்கு இபிஏ கிடைத்துவிடாது. கவலைப்பட வேண்டியது வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பைப் பற்றி. அது அழற்சியைக் கூட்டுகிறது. இந்தியாவில் 2022 முதல் அதற்கு 2 சதவீத வரம்பு இருக்கிறது.

ஆளி விதையிலும் ஒமேகா-3 இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் வேறு வகை. அதில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே இபிஏ ஆக மாறுகிறது, டிஹெச்ஏ வரை போவது மிகச் சொற்பம். அம்மா தினமும் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டும் பலன் தெரியாததில் ஆச்சரியமில்லை.

முடக்கு வாதத்தில் மீன் எண்ணெய்க்கு நல்ல ஆதாரம் உண்டு. மருந்தோடு சேர்த்து மூன்று மாதமாவது எடுத்தவர்களுக்குக் காலை விறைப்பும் வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கையும் குறைந்தன, வலி மாத்திரைத் தேவையும் குறைந்தது. ஆனால் அளவைப் பாருங்கள்: இபிஏ, டிஹெச்ஏ சேர்த்து ஒரு நாளைக்கு 2.7 கிராம் அளவில். கடையில் 1000 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும் சாதாரண கேப்சூலில் இவை இரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம்தான். கணக்குப் போட்டால் தினமும் ஒன்பது! அவ்வளவு எடுப்பது இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பைக் கூட்டலாம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு வேறு கவலைகளும் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

"எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்ற விளம்பரத்தையும் விட்டுவிடுங்கள். உங்கள் அம்மாவின் எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே வேண்டாத இடத்தில், அவருடைய மூட்டுகளிலேயே, வேலை செய்கிறது, அதைக் கூட்ட வேண்டியதில்லை.

நாங்கள் நாகர்கோவில் பக்கம். எங்களுக்குச் சாளை (மத்தி மீன்) மலிவு, 100 கிராமில் ஒரு கிராமை ஒட்டி இபிஏ, டிஹெச்ஏ கிடைக்கும், பருவத்துக்குப் பருவம் மாறும். அம்மா இப்போது வாரம் மூன்று நாள் அதைப் புளிமுளம் என்ற குழம்பாக வைத்துச் சாப்பிடுகிறார், பொரிப்பதில்லை. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்த விறைப்பு இப்போது கால் மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது. அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, மீனின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் சைவம் என்றால் கடல் பாசியிலிருந்து எடுத்த எண்ணெய் கேப்சூலாக வருகிறது. மீனுக்கே இந்த ஒமேகா-3 பாசியிலிருந்துதான் வருகிறது. வாங்கும்போது பின்பக்கம் இபிஏ, டிஹெச்ஏ எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து, அந்த டப்பாவையே எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் மருத்துவரிடம் காட்டுங்கள்.