கையில்லாத சட்டையும் கலியாண வீடும்

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. கிளிநொச்சியில் வேலை. பருத்த உடம்பு. ஆவணியில் முல்லைத்தீவில் மச்சாளின் கலியாணம். கடும் மஞ்சள் சாறிக்குக் கையில்லாத சட்டை தைக்க ஆசைப்பட்டேன். "உந்தக் கைக்கு உது தேவையோ?" என்கிறார் சின்னம்மா. கறுப்பு, நாவல் நிறம் என்றால் உடம்பு தெரியாது என்று அம்மா அழுகிறார். என் உடுப்பு என் உரிமை என்றேன், பெண்ணியம் பேசுகிறாளாம் என்று சிரித்தார்கள். நான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: இல்லைத் தங்கச்சி. மஞ்சள் சாறி கட்டுகிற எல்லாரும் போராட்டம் செய்வதில்லைதான். ஆனால் உன் உடம்பை மறைத்துக்கொண்டு வா என்று சொல்லும் இடத்தில் மறைக்க மாட்டேன் என்று நிற்பது பெண்ணியம்தான். அந்தச் சொல்லுக்கு நீங்கள் கூச வேண்டாம். 1973இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் பருத்த பெண்கள் கூடி, தங்களுக்கும் மனித மரியாதை வேண்டும் என்று அறிக்கையே வெளியிட்டார்கள். உடம்பை வைத்துப் பெண்ணை மட்டம் தட்டுவதும் ஒடுக்குமுறைதான் என்றார்கள்.

நம் வன்னிக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். போர்க்காலத்தில் சேட்டும் நீளக் காற்சட்டையும் போட்டு, இடுப்புப் பட்டி கட்டிய பெண் போராளிகள் இந்த வீதிகளில் மோட்டார் சைக்கிள் ஓடினார்கள். ஊர் பார்த்துப் பழகியது. 2009க்குப் பிறகு அதே பெண்களிடம் முடியை வளர், அடக்கமாக உடு என்று சொன்னதும் இதே ஊர்தான். ஆகவே ஊர்வழக்கம் மாறாதது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது.

அம்மாவோடு மட்டும் சண்டை பிடிக்காதீர்கள். போரில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற அந்தக் கடைசி மாதங்களில் பிள்ளைகள் மெலிந்துபோவதைப் பார்த்து அழுதவர்கள் நம் தாய்மார். இன்று மகள் பருத்தாள் என்று அழுவதற்குக் காரணம் உங்கள் உடம்பு அல்ல, உங்களுடைய கலியாணப் பேச்சு நின்றுவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைப் பற்றி நேராகப் பேசுங்கள். உடம்புக்குக் கூடாது என்று யாராவது தொடங்கினால், பிரஷரும் சீனியும் பார்க்க டொக்டர் இருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கையின் மொத்தத்தை அளப்பது சின்னம்மாவின் வேலை அல்ல.

சரி, சட்டைக்கு வருவோம். ரெடிமேட் வேண்டாம், அளவெடுத்துத் தையுங்கள். பழைய அளவுச் சட்டையைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது கை வைத்தது, அக்குள் வெட்டு சரிவராது. கலியாணத்தன்று போடப்போகும் பிராவோடு போய் நின்று அளவு கொடுங்கள். அக்குளில் இறுக்கவும் கூடாது, வாய் பிளந்து நிற்கவும் கூடாது, அதனால் முழுதாகத் தைக்கு முன் ஒருமுறை போட்டுப் பாருங்கள். உள்ளே பருத்தி லைனிங் வையுங்கள், ஆவணி வெயிலுக்கு வேர்வை பிடிக்கும். பக்கத் தையலில் பிரித்துப் பெருப்பிக்கத் துணி விடச் சொல்லுங்கள். தைக்கிற அக்கா "கை வைப்பம் பிள்ளை" என்றால், வேண்டாம் அக்கா என்று ஒரு தரம் சொன்னால் போதும், விளக்கம் கொடுக்கத் தேவையில்லை.

துணியை இந்தக் கிழமையே கொண்டுபோய்க் கொடுங்கள். ஆவணி நெருங்கினால் தையல் அக்காமாரைப் பிடிக்க முடியாது.